பழைய கார் ஹீட்டர் ஹோஸ், கூலன்ட் சந்தேகங்கள்: கேள்வி பதில்

பதினைந்து இருபது வருடம் ஓடிய கார்களில் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) ஓடும் ரப்பர் குழாய்களான ஹோஸ்கள் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே மொத்தமாகப் பதில் எழுதுகிறேன். எந்த வேலையானாலும் எஞ்சின் நன்றாக ஆறிய பிறகுதான். ரேடியேட்டர் மூடியில் 1.1 பார் என்று அழுத்த எண் போட்ட வண்டியில் வெறும் தண்ணீரே 120 டிகிரிவரை கொதிக்காமல் அடங்கியிருக்கும். மூடியைத் திறந்த நொடியில் முகத்துக்கு வந்துவிடும்.

ஹீட்டர் ஹோஸ் பார்க்கப் புதிதுபோல்தான் இருக்கிறது. 18 வருடமான வண்டி. மாற்றத்தான் வேண்டுமா சார்?

கண்ணால் பார்த்தால் தெரியாது, விரலால் அமுக்கிப் பாருங்கள். இந்த ரப்பர் பெரும்பாலும் உள்ளேயிருந்துதான் கெடும். உலோக முனை, கூலன்ட், ரப்பரில் கலந்திருக்கும் கார்பன் மூன்றும் சேர்ந்து சின்ன பேட்டரிபோல வேலை செய்து, உட்சுவரில் நீளவாக்கில் மயிரிழை விரிசல்களைப் போட்டுவிடும். அதுவும் ஹோஸை இறுக்கிப் பிடிக்கும் வளையமான கிளாம்பை ஒட்டிய ஓரிரண்டு அங்குலத்தில்தான் அதிகம். முதலில் ஹோஸின் நடுப்பகுதியை அமுக்குங்கள், அப்புறம் முனையை. முனை மட்டும் கொழகொழவென்று இருந்தாலோ, அமுக்கும்போது உள்ளே நறநறவென்று தட்டுப்பட்டாலோ மாற்றிவிடுங்கள். எண்ணெய் பட்டு உப்பிய ஹோஸுக்கு இந்தச் சோதனையே வேண்டாம், நேராக மாற்றிவிடுங்கள். ஹீட்டருக்குப் போகும் ஹோஸ், திரும்பி வரும் ஹோஸ் இரண்டில் ஒன்று போனால் மற்றதும் அதே வயதுதான், இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். நடுவில் T வடிவ பிளாஸ்டிக் இணைப்பு (டீ) இருந்தால் அதையும்தான். பழைய டீ கை பட்டாலே பொடிந்துவிடும்.

ஹோஸ் ஹீட்டர் கோர் (டேஷ்போர்டுக்குள் சூடு தரும் குட்டி ரேடியேட்டர்) குழாயில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது. பிளையர்ஸ் போட்டுத் திருகலாமா அண்ணா?

வேண்டவே வேண்டாம் தம்பி. நான் ஒருமுறை அப்படித்தான் திருகினேன். ஹோஸ் அசையவில்லை, குழாய்தான் அசைந்தது. அடுத்த நாள் பயணி பக்கத்துத் தரைவிரிப்பு ஈரம், கண்ணாடியில் பிசுபிசுவென்று ஆவி, வண்டிக்குள் ஒரு தித்திப்பு வாசனை. கோர் குழாயின் சாலிடர் விட்டிருந்தது. அரைமணி நேர வேலைக்காக டேஷ்போர்டையே கழற்றி இரண்டு நாள் உட்கார்ந்தேன்.

பழைய ஹோஸைக் காப்பாற்றி என்ன செய்யப் போகிறீர்கள்? கிளாம்பைத் தள்ளிவிட்டு, பிளேடால் நீளவாக்கில் கீறுங்கள். குழாயில் பிளேடு படாமல், ரப்பர் முக்கால் ஆழம் வெட்டுப்பட்டால் போதும், மீதியை விரலால் பிளந்து வாழைப்பழத் தோல்போல உரித்துவிடலாம். குழாயில் மிச்சமிருக்கும் ரப்பரையும் வெள்ளைப் படிவத்தையும் மெல்லிய எமரி தாளால் துடைத்தெடுங்கள். புது ஹோஸ் ஏறுவதற்குச் சோப்புத் தண்ணீரோ கொஞ்சம் கூலன்டோ தடவுங்கள். கிரீஸ் கூடாது, அது ரப்பரை உப்ப வைக்கும்.

வீட்டில் பெட்ரோல் ஹோஸ் கிடக்கிறது, அளவும் சரியாக இருக்கிறது. போடலாமா?

கூடாது. அது பெட்ரோலுக்காகச் செய்த ரப்பர், சூடான கூலன்டுக்கு ஆனதல்ல. ஹீட்டர் ஹோஸ் என்றே கேட்டு வாங்குங்கள். 16 மில்லிமீட்டரும் 19 மில்லிமீட்டரும் அதிகம் புழங்கும் அளவுகள். சில வண்டிகளில் போகும் குழாய் ஓர் அளவு, வரும் குழாய் வேறு அளவு, அதனால் இரண்டையும் அளந்துவிடுங்கள்.

ஸ்பிரிங் கிளாம்பா, ஸ்க்ரூ கிளாம்பா?

என் ஓட்டு ஸ்பிரிங்குக்கு. ரப்பர் சூட்டில் விரிந்து குளிரில் சுருங்கும்போது அதுவும் கூடவே நெகிழ்ந்து பிடிக்கும். ஸ்க்ரூ கிளாம்ப் போட்டால் நாலைந்து ஓட்டத்துக்குப் பிறகு ஒருமுறை முடுக்கிப் பாருங்கள். ரப்பர் பிதுங்கும் அளவுக்கு முடுக்கினால் அந்த இடத்திலேயே வெட்டிவிடும்.

இரண்டு ஹோஸும் புதிது. ஒன்று கொதிக்கிறது, இன்னொன்று வெதுவெதுப்பு. ஹீட்டரில் சூடே வரவில்லை.

கூலன்ட் உள்ளே போகிறது, சரியாகத் திரும்பவில்லை. முதலில் ஹீட்டருக்குக் கூலன்டைத் திறந்து மூடும் ஹீட்டர் வால்வைப் பாருங்கள். கேபிள் அறுந்து பாதி மூடியே நிற்பது பழைய வண்டிகளில் சகஜம். வால்வு சரி என்றால் கோர் அடைப்பு. இரண்டு ஹோஸையும் கழற்றி, வெளியேறும் பக்கத்திலிருந்து தோட்டத்துக் குழாய்த் தண்ணீரை மெதுவாக விடுங்கள். முதலில் செம்மண் கரைத்ததுபோல வரும், தெளியும்வரை விடுங்கள். கம்ப்ரசர் காற்றை மட்டும் அடிக்காதீர்கள், கோர் கிழிந்துவிடும்.

ஹோஸ் மாற்றிய பிறகு டேஷ்போர்டுக்குள் கொளகொளவென்று சத்தம். வெப்பமானி முள்ளும் ஏறி இறங்குகிறது.

காற்று சிக்கியிருக்கிறது. எஞ்சின் ஆறியதும் முன்பக்கம் மேடாக நிற்கும்படி வண்டியை நிறுத்தி, மூடியைத் திறந்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ஓடவிடுங்கள். எஞ்சின் சூடானதும் ரேடியேட்டருக்கு வழிவிடும் வால்வான தெர்மோஸ்டாட் 82 அல்லது 88 டிகிரி வாக்கில் திறக்கும். அப்போது மட்டம் சட்டென்று இறங்கும், ஊற்றுங்கள். காற்று வெளியேற்றும் திருகு இருந்தால் குமிழி நிற்கும்வரை திறந்து வையுங்கள். வழிந்த கூலன்டை உடனே கழுவிவிடுங்கள். கூலன்டில் இருக்கும் எதிலீன் கிளைக்கால் தித்திப்பாக இருக்கும், நாய் பூனை நக்கினால் உயிருக்கே ஆபத்து.

தெர்மோஸ்டாட்டையே கழற்றிவிட்டால் எஞ்சின் சூடாகாது என்கிறார் மெக்கானிக். உண்மையா?

எனக்கு உடன்பாடில்லை. அது இல்லாவிட்டால் எஞ்சின் சரியான சூட்டுக்கு வரவே நேரமாகும், பெட்ரோல் கூடும், ஹீட்டரும் மந்தமாகும். சில எஞ்சின்களில் பைபாஸ் வழி அடைபடாமல் போய், பாதிக் கூலன்ட் ரேடியேட்டர் பக்கமே போகாமல் சுற்றும், அதனால் சூடு அதிகமாவதும் உண்டு. புதிதாக மாட்டும்போது அதிலுள்ள குட்டிக் காற்றுத் துளை மேல்பக்கம் இருக்கட்டும்.

காலையில் பார்த்தால் ரேடியேட்டர் மேல் ஹோஸ் சப்பையாகிக் கிடக்கிறது. ஹோஸ் போச்சா?

ஹோஸ் இல்லை, மூடி. ஆறும்போது உபரித் தொட்டியிலிருந்து கூலன்டை இழுக்கும் சின்ன வால்வு மூடிக்குள் இருக்கிறது. அது ஒட்டிக்கொண்டால் உள்ளே வெற்றிடமாகி ஹோஸ் அமுங்கும். அதே அழுத்த எண் போட்ட புது மூடி வாங்குங்கள். தொட்டிக் குழாயும் அடைத்திருக்கிறதா என்று ஊதிப் பாருங்கள்.