அந்தப் படங்கள் தம்பி எடுத்தவை என்று சொல்லிவிட்டேன்

வணக்கம் மேடம்,

எனக்கு 26 வயது. கோவையில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை. இதற்கெல்லாமா கடிதம் எழுதுவாள் என்று நினைப்பீர்கள். எனக்கு பஸ் பிடிக்கும். பஸ்ஸில் போவது மட்டுமில்லை, பஸ்ஸே பிடிக்கும்.

எங்கள் ஊரிலிருந்து பள்ளிக்கூடம் 11 கிலோமீட்டர். ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை ஒரே டவுன் பஸ். இன்ஜின் பெட்டிக்குப் பக்கத்து சீட்தான் என் இடம். மார்கழிக் காலையில் அந்தப் பெட்டி மேல் கையை வைத்தால் கதகதவென்று இருக்கும். கியர் கம்பி நடுங்குவதைப் பார்த்துக்கொண்டே வருவேன். இன்றைக்கும் சத்தத்தை வைத்தே லேலண்டா டாடாவா என்று சொல்லிவிடுவேன். லீவு நாளில் காந்திபுரம், உக்கடம் போய் நின்று படம் எடுப்பேன். போனில் மூவாயிரம் படங்களுக்கு மேல் இருக்கின்றன.

போன மாதம் மதியச் சாப்பாட்டு நேரத்தில், அக்கா கல்யாணப் படம் பார்க்கிறேன் என்று போனை வாங்கிய ஒரு தோழி அவற்றைப் பார்த்துவிட்டாள். "இவ என்ன, கண்டக்டர் வேலைக்குப் போகப் போறாளா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் உடனே, "ஐயோ, அது என் தம்பி எடுத்தது, அவனுக்குத்தான் இந்தப் பைத்தியம்" என்று சொல்லி நானும் சிரித்தேன். தம்பிக்கு பஸ் ஏறினாலே வாந்தி வரும் மேடம். அன்று இரவு தூக்கமே வரவில்லை.

அடுத்த மாதம் எனக்கு நிச்சயதார்த்தம். அவர் ஹாபி என்னவென்று கேட்டார். பாட்டு கேட்பேன், படம் பார்ப்பேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். உண்மையைச் சொல்லலாமா? இல்லை, இதையெல்லாம் விட்டுவிடவா?

– ஒரு வாசகி, கோவை

அன்புத் தோழி,

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்தத் தம்பிதான். அவர்கள் சிரித்ததற்காக மட்டும் தூக்கம் போயிருக்காது. ஏழு வருஷம் உங்கள் கையைச் சூடாக்கிய பஸ்ஸை வேறு யாருக்கோ எழுதிக் கொடுத்துவிட்டு வந்தீர்கள், அதுதான் உறுத்துகிறது.

பஸ் என்றால் வண்டி வாங்க வசதியில்லாதவர்கள் போவது என்ற நினைப்பு நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. விலையுயர்ந்த பைக்கைப் பற்றி ஒரு பையன் மணிக்கணக்கில் பேசினால் ஆர்வம் என்போம். டவுன் பஸ்ஸைப் பற்றிப் பேசினால் பைத்தியம். அதுவும் ஒரு பெண் பேசிவிட்டால் கேட்கவே வேண்டாம். இங்கிலாந்தில் பிளாட்பாரத்தில் நின்று ரயில் இன்ஜின் எண்களைக் குறித்துக்கொள்பவர்கள் உண்டு. குளிருக்கு அவர்கள் போடும் ‘அனோராக்’ என்ற கோட்டின் பெயரே கேலிப் பேச்சாகிவிட்டது. ஆனாலும் அவர்கள் இன்றும் நோட்டும் கையுமாக நிற்கிறார்கள்.

தாமஸ் கிலோவிச் என்ற உளவியலாளர் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் செய்த ஒரு சோதனை 2000இல் வெளியானது. கல்லூரி வயதுக்காரர்கள் போட்டுக்கொள்ளக் கூசும் ஒரு பாடகரின் படம் போட்ட டி-ஷர்ட்டை மாட்டிவிட்டு, மாணவர்களை ஆட்கள் உட்கார்ந்திருந்த அறைக்குள் அனுப்பினார்கள். பாதிப் பேராவது கவனித்திருப்பார்கள் என்று போட்டவர்கள் நினைத்தார்கள். கவனித்தது கால்வாசிப் பேர்தான். உங்கள் விஷயத்தில் படங்களைப் பார்த்தது உண்மை, அதை மறுக்கவில்லை. ஆனால் மறுநாளும் யாராவது அந்தப் பேச்சை எடுத்ததாக நீங்கள் எழுதவில்லை. ஒரு மாதமாக அதைச் சுமந்துகொண்டிருப்பது நீங்கள் மட்டும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆபீசில் கூட்டம் கூட்டிச் சொல்ல வேண்டாம். பேச்சு வரும்போது, "அன்னைக்குத் தம்பின்னு சொல்லிட்டேன், அந்தப் படமெல்லாம் நான் எடுத்தது" என்று ஒரே வரியில் சொல்லிவிடுங்கள். விளக்கம் வேண்டாம். மற்றவர்கள் சிரிப்பதற்கு முன்னால் நீங்களே சிரித்துவிடவும் வேண்டாம். அடி வலிக்காமலிருக்க நாம் முந்திக்கொண்டு சிரிக்கிறோம், அதையே எதிரில் இருப்பவர் அனுமதியாக எடுத்துக்கொள்கிறார்.

அவரிடம் நிச்சயத்துக்கு முன்பே சொல்லுங்கள். குரலைத் தாழ்த்தி "ஒரு விஷயம் சொல்லணும்" என்று ஆரம்பித்தால் பாவம், அவர் வேறு எதையோ நினைத்துப் பயந்துவிடுவார். மார்கழியில் இன்ஜின் பெட்டி மேல் கை வைத்துக்கொண்டு போன கதையைச் சொல்லுங்கள், போதும். அவர் சிரிக்கலாம். சிரித்துவிட்டு, "சரி, அப்புறம்?" என்று கேட்டால் நல்லது. அவருக்கும் பஸ் பிடிக்க வேண்டிய அவசியமில்லை. "இதையெல்லாம் எங்க வீட்டுல சொல்லிடாதே" என்று சொன்னால் மட்டும், ஏன் என்று உட்கார்ந்து பேசிவிட்டு மேற்கொண்டு போங்கள்.

விட்டுவிடவா என்று கேட்டீர்கள். வேண்டாம்மா. உங்கள் வேலையையோ வீட்டையோ இது கெடுத்ததாக ஒரு வரிகூடக் கடிதத்தில் இல்லை. பல்லவன், சேரன், பாண்டியன் என்ற போக்குவரத்துக் கழகப் பெயர்கள் 1997இல் மாறிவிட்டன. அந்தப் பெயர்களைத் தாங்கி ஓடிய வண்டிகளை இன்றும் நாம் பார்க்க முடிகிறதென்றால், அன்றைக்கு யாரோ நின்று படம் எடுத்து வைத்ததால்தான். உங்கள் படங்களையும் ஒழுங்காக அடுக்குங்கள். ஊர், தேதி, தடம் எண் மூன்றையும் குறித்து வையுங்கள். படம் எடுத்தவர் என்ற இடத்தில் உங்கள் பெயரை எழுதுங்கள்.