வாசகர் கேள்வி பதில்: பல்லாங்குழியும் பள்ளிச் சந்தையும்

கேள்வி: எங்கள் பள்ளியில் உயர்நிலை மூன்று மாணவர்களை ஐந்து பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு 200 வெள்ளி முதல் தந்து, ஏதேனும் ஒரு பொருளைச் செய்து பள்ளிச் சந்தையில் விற்கச் சொல்லியிருக்கிறார்கள். நாங்கள் பல்லாங்குழி செய்ய நினைக்கிறோம். பிளைவுட் பலகையில் 14 வட்டங்களை வெட்டி, அடியில் இன்னொரு பலகையை ஒட்டிவிட்டால் ஒன்றுக்கு 6 வெள்ளிதான் செலவாகிறது. 8 வெள்ளிக்கு விற்றால், 20 பலகைக்கு 40 வெள்ளி லாபம் வரும். எங்கள் கணக்கு சரிதானா, ஐயா?
- மாணவி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: கணக்குக்குப் பிறகு வருகிறேன், முதலில் குழியைப் பார்ப்போம். வட்டமாக வெட்டிய பலகையை அடிப்பலகையோடு ஒட்டினால் குழியின் சுவர் செங்குத்தாக நிற்கும், விதைகள் அடிமூலையில் போய் ஒட்டிக்கொள்ளும், விரல்களைக் குவித்து ஒரே அள்ளலில் எடுக்க முடியாது. பல்லாங்குழியில் கை நிற்காமல் ஓட வேண்டும். ஒவ்வொரு குழியிலும் நகத்தால் விதையைக் கிளற வேண்டியிருந்தால் இரண்டாவது ஆட்டத்துக்கு யாரும் உட்கார மாட்டார்கள். உளியால் குடைய உங்களுக்கு நேரமில்லை என்பது தெரிகிறது. ஆகவே, பள்ளிப் பட்டறையில் லேசர் வெட்டுப்பொறி இருந்தால், ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று அடுக்குகளை வெட்டுங்கள்: மேலடுக்கில் 5 சென்டிமீட்டர் வட்டம், நடுவில் சற்றுச் சிறியது, கீழே இன்னும் சிறியது. அதற்கும் அடியில் வட்டம் வெட்டாத அடிப்பலகை வரட்டும். மரப்பசையால் ஒட்டிக் காய்ந்தபின் படிகளின் ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்தால் கிண்ணம்போல் அமைந்துவிடும். பலகையின் நீளம் ஏறத்தாழ 42 சென்டிமீட்டர் வரும். இரண்டு வரிசைகளுக்கும் நடுவே கீல் வைத்து மடக்கும்படி செய்தால் விதைகளை உள்ளேயே வைத்து மூடிவிடலாம். வாங்குபவருக்குத் தனிப் பெட்டி தேவைப்படாது.

இனி கணக்கு. கூடுதல் அடுக்குகளுக்கு ஒரு வெள்ளி, கீல், துணிப்பை, விதித்தாள் ஆகியவற்றுக்கு இரண்டு வெள்ளி என்று வைத்துக்கொண்டால் ஒன்றின் செலவு 9 வெள்ளி, இருபதுக்கு 180. இருபதில் குறைந்தது இரண்டு கோணலாக ஒட்டிப் பாழாகும், ஒன்று மேசையில் எல்லாரும் ஆடிப்பார்க்கும் மாதிரியாகப் போகும். எனவே விற்பதற்கு மிஞ்சுபவை 17. அந்த வகையில் ஒன்றின் அடக்கவிலை 10 வெள்ளி 59 காசு. 8 வெள்ளிக்கு விற்றால் விற்க விற்க நட்டம்தான். 15 வெள்ளி என்று விலை வைத்தால் பன்னிரண்டாவது பலகையில் செலவழித்த 180 வெள்ளி திரும்பிவிடும். பதினேழும் விற்றால் 75 வெள்ளி மிஞ்சும். ஒரு பலகைக்கு ஒன்றரை மணி நேரம் என்று கொண்டால் மொத்தம் 30 மணி நேர உழைப்பு, அதாவது மணிக்கு இரண்டரை வெள்ளி. இந்த எண்ணை மறைக்காமல் உங்கள் அறிக்கையில் எழுதுங்கள். கைவினைப் பொருள் ஏன் விலை கூடுதலாக இருக்கிறது என்பதை ஆசிரியருக்கு அதைவிடத் தெளிவாக விளக்க முடியாது. இருபதையும் ஒரே மூச்சில் செய்யாமல், ஒன்றை மட்டும் செய்து இரண்டு வாரம் பள்ளி உணவகத்தில் வைத்து ஆடி, முன்பதிவு வாங்கிக்கொண்டு மற்றவற்றைத் தொடங்குவது நல்லது.

விதித்தாளை இலவச இணைப்பாக எண்ணிவிடாதீர்கள். இந்த ஆட்டத்தின் விதி வீட்டுக்கு வீடு மாறும். எந்த முறையையாவது ஒன்றைத் தேர்ந்து அதையே எழுதுங்கள். குழிக்கு ஐந்து விதை என்று தொடங்கினால் 70 விதை போதும், தொலைவதற்கு ஐந்து சேர்த்து 75. ஒரு குழியில் நான்கு விதை சேர்ந்தால் அது ‘பசு’ என்பதையும், அந்தக் குழிக்கு உரியவர் அதை எடுத்துக்கொள்வார் என்பதையும் படம் போட்டுக் காட்டுங்கள். உங்கள் மலாய் நண்பர்கள் பலகையைப் பார்த்ததும் சொங்காக் என்பார்கள். அதில் பக்கத்துக்கு ஏழு குழிகளுடன் இரு முனையிலும் வீடு எனப்படும் பெரிய குழி உண்டு, குழிக்கு ஏழாக 98 விதைகள் வைத்து ஆடுவார்கள், சுற்றிவரும்போது தன் வீட்டிலும் ஒரு விதை போடுவார்கள். நம் பலகையில் அப்படி வீடு கிடையாது. இந்த வேற்றுமையை இரண்டு வரியில் தாளில் சேர்த்தால், தமிழ் தெரியாதவரும் நின்று கேட்பார்.

ஒரு சிறு குறிப்பு: உங்கள் கடிதத்தில் ‘பள்ளாங்குழி’ என்றும் ‘பல்லாங்குழி’ என்றும் மாறி மாறி எழுதியிருந்தீர்கள், நான் திருத்தி வெளியிட்டிருக்கிறேன். அச்சுக்குப் போகும் முன் ‘பல்லாங்குழி’ என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் பேத்தியின் குழுவும் இதே விளையாட்டைச் செய்கிறது. அழகாக இருக்கிறது என்று சிவப்பும் கறுப்புமான குன்றிமணியை இணையத்தில் வாங்கப் பார்க்கிறார்கள். நாங்கள் சிறுவயதில் அதை வைத்துத்தான் ஆடினோம். வாங்கலாமா?
- வாசகி, தெம்பனிஸ்

பதில்: வேண்டாம், அம்மா. குன்றிமணியில் அப்ரின் என்னும் கொடிய நஞ்சு இருக்கிறது. முழு விதையின் ஓடு கெட்டியானது என்பதால் நாம் தப்பித்தோம். மென்றாலோ, உடைந்தாலோ, துளையிட்டாலோ ஆபத்து. முகம் தெரியாதவரின் வீட்டுக்குப் போகும் பொருளில் அதை வைக்கவே கூடாது. முழுச் சிவப்பாக இருக்கும் மஞ்சாடி, இங்கே எல்லாரும் சாகா என்று சொல்வது, வேறு மரத்தின் விதை. நான்கு விதை ஏறத்தாழ ஒரு கிராம் நிற்கும். பலகைக்கு 75 என்று இருபது பலகைக்கு வேண்டிய 1,500 விதைக்கு 400 கிராம் வாங்கினால் சரியாக இருக்கும். பூங்காவில் அனுமதியின்றிப் பொறுக்கச் சொல்லாதீர்கள். என்னைக் கேட்டால், சமையலறையில் சேரும் புளியங்கொட்டையைக் கழுவி வெயிலில் உலர்த்தினால் அதுவே போதும், கைக்கும் பிடிப்பாக இருக்கும். எந்த விதையானாலும் மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கவேண்டும் என்ற எச்சரிக்கை பையின்மேல் இருக்கட்டும்.

கேள்வி: பழைய விளையாட்டை விற்க யாரிடமாவது உரிமை பெற வேண்டுமா? பொருள், சேவை வரியைச் சேர்க்க வேண்டுமா?
- மாணவர், புக்கிட் பாத்தோக்

பதில்: ஆட்டத்துக்கு உரிமையாளர் யாருமில்லை. ஆனால் இன்னொருவர் எழுதிய விதித்தாளையும் வரைந்த படத்தையும் அப்படியே நகலெடுக்கக் கூடாது. நீங்களே எழுதி, நீங்களே வரையுங்கள். 2024 ஜனவரி முதல் சிங்கப்பூரில் அந்த வரி 9 விழுக்காடு என்பது உண்மைதான். எனினும், ஆண்டு விற்பனை பத்து லட்சம் வெள்ளியைத் தாண்டும் வணிகங்கள்தாம் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும், பதிவு செய்யாதவர் அந்த வரியை வசூலிக்கக் கூடாது. அட்டையில் 15 வெள்ளி என்று எழுதினால், வாங்குபவர் கொடுப்பதும் 15 வெள்ளிதான்.