எந்த வருடத்து எல்லை? – நகரமைப்பு ஆய்வு: கேள்வி பதில்

சென்னை மாநகராட்சியின் மக்கள் அடர்த்தி 2001-ஐவிட 2011-இல் பாதிக்கும் கீழே போய்விட்டதாக என் கணக்கு காட்டுகிறது. வழிகாட்டி ஏற்க மறுக்கிறார். எங்கே பிசகு?
*– முதுநிலை மாணவி, சென்னை*

வழிகாட்டி சொல்வதே சரி. நீங்கள் ஒரு சென்னையின் தலைகளை எண்ணி, இன்னொரு சென்னையின் பரப்பால் வகுத்திருக்கிறீர்கள்.

2011 கணக்கெடுப்பு பிப்ரவரியில் நடந்தது. அப்போது மாநகராட்சிக்கு 155 வார்டுகள், பரப்பு சுமார் 175 சதுர கி.மீ. சுற்றியிருந்த 42 உள்ளாட்சிகள் சேர்ந்து 200 வார்டு, 426 சதுர கி.மீ. ஆனது அதே வருடம் அக்டோபரில். கணக்கெடுப்பில் வந்த 46,46,732 பேரை 175-ஆல் வகுத்தால் 26,553. அதையே 426-ஆல் வகுத்தால் 10,908. 2001-இல் அடர்த்தி ஏறக்குறைய 25,000. ஆக, குறையவில்லை, கொஞ்சம் ஏறியே இருக்கிறது.

ஏதாவது ஓர் எல்லையைப் பிடித்துக்கொண்டு எல்லா வருடத்தையும் அதற்குள் கொண்டுவாருங்கள். பழைய 155 வார்டு எல்லை சுலபம். புதிய எல்லைதான் வேண்டுமென்றால், சேர்ந்த 42 உள்ளாட்சிகளின் 2001, 2011 எண்களைத் தனித்தனியே எடுத்துக் கூட்ட வேண்டும். 2011-க்கு அப்படிக் கூட்டினால் சுமார் 67 லட்சம் வரும். நகராட்சி, பேரூராட்சிக்குச் சிக்கல் இல்லை. ஊராட்சிகளில்தான் கால் வழுக்கும். கணக்கெடுப்பு வருவாய்க் கிராமத்தின்படி எண்ணுகிறது, ஊராட்சியின்படி அல்ல. ஓர் ஊராட்சிக்குள் இரண்டு வருவாய்க் கிராமங்கள் இருக்கலாம். பெயரை வைத்துத் தேடினால் ஒன்று விட்டுப்போகும். அதனால் கிராமக் குறியீட்டு எண்ணை வைத்துத் தேடுங்கள்.

வார்டு எண்ணையும் நம்பாதீர்கள். விரிவாக்கத்தில் எல்லாமே மாறிவிட்டது, பழைய 1-ஆம் வார்டும் புதிய 1-ஆம் வார்டும் ஒன்றல்ல. 'சென்னை' என்ற சொல்லும் அப்படித்தான். பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் எல்லை 1,189 சதுர கி.மீ.யாக இருந்து, 2022 அக்டோபரில் 5,904 ஆக விரிந்தது. அட்டவணைத் தலைப்பிலேயே எந்தச் சென்னை, எந்த வருடத்து எல்லை என்று எழுதிவிட்டால் வாய்மொழித் தேர்வில் பாதிக் கேள்வி குறையும்.

எங்கள் ஊர் கணக்கெடுப்பில் நகரம், அரசாணையில் கிராம ஊராட்சி. பக்கத்து ஊரில் இதைவிடக் கடைகள் அதிகம், ஆனாலும் அது கிராமமாம். ஏன்?
*– வாசகர், திருப்பூர் மாவட்டம்*

உங்கள் ஊர் 'கணக்கெடுப்பு நகரம்'. அரசு அறிவிக்கும் நகரம் வேறு வகை. கணக்கெடுப்புக்கு மூன்று நிபந்தனைகள்: 5,000 பேராவது இருக்க வேண்டும்; முதன்மைத் தொழிலாளர்களான (வருடத்தில் ஆறு மாதமாவது வேலை செய்யும்) ஆண்களில் 75 சதவீதமாவது விவசாயம் அல்லாத வேலையில் இருக்க வேண்டும்; சதுர கி.மீ.க்கு 400 பேராவது வசிக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் நகரம்.

கடைத்தெரு பெருத்த ஊர்கள் பெரும்பாலும் மூன்றாவதில் தவறும். 6,200 பேர் உள்ள ஒரு கிராமத்தின் பரப்பு 18 சதுர கி.மீ. என்று வையுங்கள். அடர்த்தி 344. அந்த 18-இல் 4 சதுர கி.மீ. ஏரி. ஏரியில் யாரும் குடியிருப்பதில்லை, பரப்பில் மட்டும் அது உண்டு. ஏரியைக் கழித்தால் 443. பக்கத்து ஊரின் பரப்பையும் நீர்நிலை, காடு எவ்வளவு என்பதையும் முதலில் பாருங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. கணக்கெடுப்பு நகரங்களின் பட்டியல், மக்களை எண்ணி முடித்தபிறகு தயாராவதில்லை, முன்கூட்டியே தயாராகிவிடுகிறது. 2011-க்கான கணக்கெடுப்பு நகரங்களை 2001 எண்களை வைத்தே தேர்ந்தெடுத்தார்கள். இடையில் வளர்ந்த ஊர் அடுத்த முறை வரை காத்திருக்க வேண்டியதுதான். 2027 கணக்கெடுப்புக்காக, எல்லை மாற்றங்களை 2025 டிசம்பர் 31-க்குள் முடிக்கும்படி மாநிலங்களுக்கு அறிவுறுத்தல் போனது.

தமிழ்நாட்டில் கணக்கெடுப்பு நகரங்கள் 2001-இல் 111, 2011-இல் 376. அரசு அறிவித்த நகரங்களோ இரண்டு முறையும் 721. அந்த 721-ஐப் பார்த்துப் பத்து வருடம் எதுவும் அசையவில்லை என்று எழுதிவிடாதீர்கள். 2004-இல் 561 பேரூராட்சிகள் சிறப்புக் கிராம ஊராட்சிகளாக்கப்பட்டு, 2006-இல் மறுபடி பேரூராட்சிகளாயின. கிராமங்களுக்கான நிதி கிடைக்கும் என்பது அப்போது சொல்லப்பட்ட காரணம். இரண்டு கணக்கெடுப்புக்கும் நடுவில் வந்து போனதால் அட்டவணையில் தடமே இல்லை. நகரமயமாதல் பற்றி எழுதுபவர்கள் கட்டாயம் தோண்ட வேண்டிய இடம் இது.

நகராட்சிச் சொத்து வரி வசூல் திறனைப் பத்து வருடத்துக்கு ஒப்பிடுகிறேன். வசூல் சதவீதம் தாறுமாறாக ஏறி இறங்குகிறது.
*– ஆய்வு மாணவர், மதுரை*

எதை எதனால் வகுக்கிறீர்கள்? நகராட்சி அலுவலகத்தில் 'கேட்பு, வசூல், நிலுவை' பதிவேட்டைக் கேட்டு வாங்குங்கள். கேட்பு என்றால் கட்டச் சொல்லி நகராட்சி கேட்கும் வரித்தொகை. அதில் பழைய நிலுவைக்கும் நடப்பு வருடத்துக்கும் தனித்தனிக் கட்டங்கள் இருக்கும். நிலுவைக் கேட்பு 40 லட்சம், நடப்புக் கேட்பு 1 கோடி. வசூல் முறையே 10 லட்சம், 70 லட்சம் என்றால், நடப்பு வசூல் 70 சதவீதம், நிலுவை வசூல் 25, சேர்த்துப் பார்த்தால் 57. ஒரு வருடம் 70-ஐயும் மறு வருடம் 57-ஐயும் எடுத்தால் வரைபடம் மலையேறி இறங்கத்தான் செய்யும்.

நிலுவை திடீரென்று குறைந்தால் வசூலாகிவிட்டது என்று மகிழாதீர்கள், தள்ளுபடியாகவும் இருக்கலாம். தள்ளுபடிக்கு நகர்மன்றத் தீர்மானம் இருக்கும், தேதியோடு சரிபாருங்கள். நீதிமன்றத்தில் நிற்கும் தொகை எவ்வளவு என்றும் கேளுங்கள். அது கேட்பில் வருடா வருடம் தொங்கிக்கொண்டு சதவீதத்தைக் கீழே இழுக்கும்.

உங்கள் பத்து வருடத்துக்குள் இரண்டு முறிவுகள் வருகின்றன. 2022 ஏப்ரலில் சொத்து வரிக்குப் பொதுச் சீராய்வு நடந்தது. குடியிருப்புகளுக்கு 600 சதுர அடிக்குள் 25 சதவீதமும், 1,800-க்கு மேல் 100 சதவீதமும் வரி கூடியது. கேட்பு அங்கே ஒரு படி ஏறும், அது நிர்வாகத் திறன் அல்ல. அதற்கு முன், 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தபின் 2022 பிப்ரவரி தேர்தல் வரை மன்றமே கிடையாது, தனி அலுவலர்தான் தீர்மானம் போட்டார். 'மன்றத்தின் அரசியல் விருப்பம்' என்று அந்த வருடங்களுக்கு எழுதினால், எந்த மன்றம் என்று யாரேனும் கேட்பார்கள்.

மாவட்டத் திட்டக் குழுவின் தலைவர் ஆட்சியர்தானே?
*– வாசகர், தஞ்சாவூர்*

தமிழ்நாட்டில் இல்லை. மாவட்ட ஊராட்சித் தலைவரே தலைவர், ஆட்சியர் துணைத் தலைவர். உறுப்பினர்களில் ஐந்தில் நான்கு பங்கினராவது தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிப் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 243-இசட்.டி. பிரிவு.

மனைப்பிரிவுகளில் பூங்காவுக்கு விட்ட இடங்கள் உண்மையில் இருக்கின்றனவா என்று ஆராய்கிறேன். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் 'பதிவேட்டில் இல்லை' என்று பதில் வருகிறது.
*– பொறியியல் மாணவி, கோவை*

'பூங்கா ஏன் இல்லை?' என்று கேட்டிருப்பீர்கள். காரணம் கேட்டால் பதில் வராது, ஆவணத்தைக் கேளுங்கள். 2019 கட்டட விதிகளின்படி 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை நீங்கலாக, 10 சதவீதம் திறந்தவெளி. 10,000 சதுர மீட்டர் வரை, இடத்துக்குப் பதில் அதன் வழிகாட்டி மதிப்பை (பத்திரப்பதிவுக்கு அரசு வைத்திருக்கும் நில மதிப்பு) பணமாகக் கட்டலாம், அதற்கு மேல் போனால் நிலமாகவே தர வேண்டும். பழைய மனைப்பிரிவுகளுக்கு அந்தந்தக் காலத்து விதியைப் பாருங்கள். பணம் கட்டிய மனைப்பிரிவைக் களத்தில் தேடி அலைந்து 'ஆக்கிரமிப்பு' என்று குறித்துவிடக் கூடாது.

மனுவில் கிராமம், சர்வே எண், ஒப்புதல் எண், வருடம் எழுதி மூன்றின் நகல் கேளுங்கள்: ஒப்புதல் வரைபடம், உள்ளாட்சிக்கு எழுதிக்கொடுத்த தானப் பத்திரம், இன்றைய பட்டா. வரைபடத்தில் பூங்கா இருந்து பத்திரம் இல்லையென்றால் ஒப்படைப்பே நடக்கவில்லை. பத்திரம் இருந்து பட்டா மனை போட்டவர் பெயரிலேயே இருந்தால், அந்த இடம் மறுபடி மனையாக விற்கப்படும் ஆபத்து உண்டு. கட்டணம் 10 ரூபாய், நீதிமன்றக் கட்டண வில்லையாக ஒட்டலாம். அலுவலகம் மாறிப் போனாலும் 6(3) பிரிவின்படி 5 நாளில் உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. ஒரு மனுவில் ஒரே மனைப்பிரிவைக் கேளுங்கள். பத்தைச் சேர்த்தால் எதுவும் வராது.