பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரில் இடது பக்கம் மட்டும் சத்தம் போய்ப் போய் வருகிறது. மெல்லிய சத்தத்தில் அடங்கிவிடுகிறது, வால்யூமைக் கூட்டினால் திரும்புகிறது. கபாசிட்டர்களை எல்லாம் மாற்றிவிடலாமா?

இப்போதைக்கு வேண்டாம். கேள்வியிலேயே முக்கியமான துப்பு ஒன்றைக் கொடுத்திருக்கிறீர்கள்: மெல்லிய சத்தத்தில் இடது பக்கம் அடங்கிவிடுகிறது, வால்யூமைக் கூட்டினால் சட்டென்று திரும்புகிறது. இது பெரும்பாலும் காண்டாக்ட் கோளாறு, அதாவது சுவிட்ச் மாதிரி இடங்களில் ஒன்றையொன்று தொடும் உலோக முனைகளின் கோளாறு. காண்டாக்ட் மேல் படிந்த கறுப்பைச் சின்ன சிக்னலால் தாண்ட முடியாது, பெரிய சிக்னல் உடைத்துக்கொண்டு போய்விடும்.

முதலில் பின்பக்க இன்புட் ஒயர்களை இடம் வலம் மாற்றிச் செருகுங்கள். கோளாறும் பக்கம் மாறினால் ஆம்ப் மேல் தப்பில்லை, ஒயரையோ பிளேயரையோ பாருங்கள். மாறாவிட்டால், ஆஃப் செய்துவிட்டு ஸ்பீக்கர் ஒயர்களையும் அப்படியே மாற்றிப் பாருங்கள். இப்போது வலது ஸ்பீக்கர் அடங்கினால் கோளாறு ஆம்பின் இடது சேனலில்தான். இடது ஸ்பீக்கரே அடங்கினால் அந்த ஸ்பீக்கரையோ அதன் ஒயரையோ பாருங்கள். கோளாறு ஆம்பில் என்றால், டேப் மானிட்டர் சுவிட்ச், பேலன்ஸ், வால்யூம் குமிழ்களை இருபது முப்பது தடவை இப்படியும் அப்படியும் ஆட்டுங்கள். ஆட்டும்போது கரகரவென்று சத்தம் திரும்பினால் அங்கே காண்டாக்ட் கிளீனர் போதும்.

அதற்கும் மசியவில்லை என்றால் நான் சந்தேகப்படுவது ஸ்பீக்கர் ரிலேயை. ஸ்பீக்கரை ஆம்போடு இணைக்கும் தானியங்கி சுவிட்ச் அது. ஆன் செய்து சில நொடிகளில் 'டக்' என்று கேட்குமே, அதுதான். என் ஆம்பிலும் இதே கதை. இரண்டு நாள் உட்கார்ந்து கபாசிட்டர்களை மாற்றினேன், மூன்றாம் நாள் இடது பக்கம் மறுபடி ஊமை. ரிலே மூடியைக் கழற்றினால் வெள்ளிக் காண்டாக்ட்கள் கரிபிடித்துக் கிடந்தன. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த காகிதத் துண்டை நடுவில் விட்டு, விரலால் லேசாக அழுத்தி இழுத்தேன். காகிதத்தில் கறுப்புக் கோடு விழுந்தது. கோடு விழுவது நிற்கும் வரை நாலைந்து தடவை இழுத்தேன், சரியாகிவிட்டது. உப்புத்தாள் மட்டும் போடாதீர்கள், வெள்ளிப் பூச்சு உரிந்துவிடும்.

மூடியைத் திறக்கும் முன் பிளக்கைப் பிடுங்குங்கள். பிடுங்கிய பிறகும் பெரிய ஃபில்டர் கபாசிட்டர்களில் மின்சாரம் தேங்கி நிற்கும். மீட்டரில் ஒன்றிரண்டு வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதைப் பார்த்த பிறகே கை வையுங்கள். மறுபடி ஆன் செய்யும்போது 60 அல்லது 100 வாட் குண்டு பல்பை ஆம்புக்கு வரும் மின்சார ஒயரில் சீரியஸில் போடுங்கள். ஒரு கணம் மின்னி மங்கினால் நல்லது, பிரகாசமாகவே நின்றால் உள்ளே எங்கோ ஷார்ட்.

ஸ்பீக்கரை மாட்டும் முன் இன்புட் எதுவும் இல்லாமல் ஸ்பீக்கர் முனைகளில் டிசி வோல்டேஜை மீட்டரில் பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. வோல்ட் கணக்கில் காட்டினால் அவுட்புட் டிரான்சிஸ்டர் போயிருக்கலாம், ஸ்பீக்கரை மாட்டவே வேண்டாம்.

ஃபில்டர் கபாசிட்டரைச் சந்தேகப்பட வேண்டிய அறிகுறி வேறு. வால்யூமை முழுக்கக் குறைத்தாலும் இரண்டு பக்கமும் விடாமல் 'உம்'மென்று இரையும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அந்த இரைச்சல் 100 ஹெர்ட்ஸில் இருக்கும். உங்களுக்கு அது இல்லையே.

ரிலே திறக்க முடியாத வகையாக இருந்தால் மேலே அச்சிட்டிருக்கும் காயில் (கம்பிச்சுருள்) வோல்டேஜையும் ஆம்பியர் அளவையும் எழுதுங்கள், மாற்று எது பொருந்தும் என்று சொல்கிறேன்.