மிகுபுனைவு நாவலுக்காகப் புதிதாக ஒரு மொழியும் எழுத்தும் உருவாக்க எங்கிருந்து தொடங்க வேண்டும்?

அகராதியிலிருந்து தொடங்காதீர்கள். நான் அப்படித்தான் தொடங்கி எட்டு மாதங்களைத் தொலைத்தேன்.

மதுரையில் ஓர் அச்சகத்தில் பக்க வடிவமைப்பு செய்கிறேன். பகலெல்லாம் கல்யாணப் பத்திரிகையும் காதுகுத்து நோட்டீசும், இரவில் நாவல். அதில் வரும் மலைக்கூட்டத்தாருக்காக அறுநூறு சொற்களைக் கோத்து, உயிர் பன்னிரண்டுக்கும் மெய் பதினெட்டுக்கும் ஆளுக்கொரு குறி வரைந்து, ஒரு பக்கம் எழுதி, ஒன்பதாம் வகுப்பு படிக்கும் அக்காள் மகனிடம் பெருமையாகக் கொடுத்தேன். பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தவன், சொற்களின் கடைசியில் திரும்பத் திரும்ப வந்த குறிகளை வட்டமிட்டான். அக்காள் பணியாரம் சுட்டு எடுத்து வருவதற்குள், "இது 'கள்', இது 'உம்'. சொல்லுக்குத்தான் அர்த்தம் தெரியவில்லை. மற்றபடி இது தமிழ்தானே மாமா?" என்றான். உண்மைதான். தலையெல்லாம் என்னுடையது, வாலெல்லாம் தமிழ்.

அதன்பிறகு அகராதியைக் கட்டி வைத்துவிட்டு, அந்தக் கூட்டத்தாரின் வாய்க்கு எதெல்லாம் வராது என்று பார்க்கத் தொடங்கினேன். தொல்காப்பியம் இதில் நல்ல வழிகாட்டி. எந்த எழுத்து சொல்லுக்கு முதலில் வரும், எது கடைசியில் வரும் என்று அது கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. ர, ல முதலில் வராது. அதனால்தான் இராமன், உலோகம். வல்லின மெய்யில் சொல் முடியாது. அதனால்தான் நம் பாட்டிமார் 'பேங்க்கு' என்று ஓர் உகரத்தை ஒட்டவைத்துச் சொல்கிறார்கள். என் மலைக்காரர்களுக்கு நான் வைத்த சட்டம் மூன்றே: நாக்கை வளைக்கும் ட, ண, ள, ழ கிடையாது; இரண்டு மெய் அடுத்தடுத்து வராது; சொல் உயிரில்தான் முடியும். சட்டத்தைச் சோதிக்க ஊர்ப் பெயர்களை அவர்கள் வாயில் போட்டேன். திருமங்கலம் 'திருமகலா' ஆனது. உசிலம்பட்டி 'உசிலபதி' ஆனது. உசிலபதி என்று சத்தமாகச் சொல்லிப் பார்த்த அன்றைக்குத்தான் அந்தக் கூட்டத்தாரின் முகமே எனக்குத் தெரிந்தது.

மொழிக்கு வயதும் வேண்டும். பராந்தக சோழனின் கல்வெட்டுகள் அவனை 'மதிரை கொண்ட கோப்பரகேசரி' என்கின்றன. நாம் மதுரை என்று எழுதுகிறோம். கிராமத்துப் பெரியவர்கள் இன்றும் 'மருதைக்குப் போகிறேன்' என்கிறார்கள். ஒரே ஊர், மூன்று பெயர். உங்கள் நாவலிலும் பழங்கல்வெட்டில் ஒரு வடிவம், அரண்மனையில் ஒரு வடிவம், சந்தையில் ஒரு வடிவம் என்று இரண்டு மூன்று பெயர்களுக்காவது செய்யுங்கள். எல்லாச் சொல்லுக்கும் செய்யத் தேவையில்லை.

இலக்கணத்தில் ஒரே ஒரு புதுமை போதும், ஆனால் அது கதையை நகர்த்த வேண்டும். தமிழில் 'வந்தான்' என்பது வேறு, 'வந்தானாம்' என்பது வேறு. அந்த 'ஆம்' வந்தால், சொன்னவர் தன் கண்ணால் பார்க்கவில்லை என்று அர்த்தம். நமக்கு அது விருப்பம். என் மலைக்காரர்களுக்குக் கட்டாயம். கண்டதற்கு 'ரே', கேட்டதற்கு 'மோ' இல்லாமல் அவர்களால் வாக்கியத்தை முடிக்கவே முடியாது. தூதன் ஒருவன் அரசன் முன்னால் 'மோ' என்று முடிக்க வேண்டிய இடத்தில் 'ரே' என்று முடிக்கிறான். என் நாவலில் போர் மூள்வது அந்த ஓர் எழுத்தால்தான்.

சொற்களைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். குழூஉக்குறி என்று பள்ளியில் படித்திருப்போம்: பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பார்கள். அதுபோல ஒவ்வொரு தொழில்காரருக்கும் நாலைந்து சொல் கொடுத்தால் போதும். என் அறுநூறில் புத்தகத்துக்குள் போனவை நாற்பதுகூட இருக்காது.

இனி எழுத்து. காகிதத்தில் பேனாவால் அழகழகாக வரைந்து பார்ப்பதுதான் எல்லாரும் செய்யும் தவறு. அவர்கள் எதில் எழுதுகிறார்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள். மதுரைப் பக்கம் மாங்குளம் மலையில், பாண்டியன் நெடுஞ்செழியன் பெயர் வரும் தமிழி (தமிழின் மிகப் பழைய எழுத்து) கல்வெட்டைப் பாருங்கள். உளி போன போக்கில் நேர்நேர்க் கோடுகள். ஆனைமலை நரசிங்கப் பெருமாள் குடைவரைக்குப் போனால், கி.பி. 770-இல் வெட்டியதில் வடமொழி கிரந்தத்திலும் தமிழ் வட்டெழுத்திலும் இருக்கின்றன. ஒரே கோயில், இரண்டு மொழி, இரண்டு எழுத்து. மொழியும் எழுத்தும் சோடி சேர்ந்துதான் இருக்க வேண்டும் என்பதுமில்லை. மதுரையில் திருமலை நாயக்கர் மகால் பக்கத்துத் தெருக்களில் பேசும் சௌராஷ்டிர மொழிக்குத் தனி எழுத்து உண்டு, 2008-இல் கணினிகளுக்கான பொது எழுத்துப் பட்டியலான யூனிகோடிலும் சேர்ந்துவிட்டது. ஆனாலும் தமிழ் எழுத்தின் தலைமேல் சிறு எண்களைப் போட்டு அதை எழுதுகிறவர்கள் நிறைய.

என் கூட்டத்தாருக்கு ஓலை என்று முடிவு செய்தேன். திருமங்கலம் பக்கத்து உறவினர் தோட்டத்திலிருந்து பனங்குருத்து வெட்டி வந்து, மஞ்சள் போட்டு வேகவைத்து, நிழலில் காயவிட்டேன். எழுத்தாணிக்குக் கோணி ஊசி. என் பழைய எழுத்துகளுக்கெல்லாம் மேலே ஒரு நீளக்கோடு உண்டு, பார்க்கக் கம்பீரமாக இருக்கும். முதல் கோட்டை இழுத்ததுமே ஓலை நரம்போடு பிளந்துகொண்டது. மூன்று ஓலை போன பிறகு கை தானாகவே சுழிக்கத் தொடங்கியது. கம்பீரக் கோடுகள் போய், கொக்கியும் வளையமும்தான் மிஞ்சின. ஓலையில் புள்ளியை ஏன் பெரும்பாலும் வைக்காமல் விட்டார்கள் என்பதும் அப்போதுதான் விரலுக்குப் புரிந்தது. நானும் புள்ளியை விட்டுவிட்டேன். எழுதியதை இரண்டு விதமாகப் படிக்கலாம் என்பது கதாசிரியனுக்கு லாபம்.

இன்னொன்று, எழுதி முடித்தபோது ஓலையில் எதுவுமே தெரியவில்லை, சாய்த்துப் பிடித்தால் மெல்லிய கீறல் மட்டும். விளக்குக்கரியை எண்ணெயில் குழைத்துத் தடவித் துணியால் துடைத்தேன். எழுத்து கறுப்பாக எழுந்து வந்தது. அன்று இரவே ஓர் அத்தியாயம் எழுதினேன். அதில் கரி தடவாத ஓலை ஒன்று, விசிறி முடையப் போகும் கட்டோடு கட்டாகக் காவலைத் தாண்டிப் போகிறது. மேசையில் உட்கார்ந்து யோசித்திருந்தால் எனக்கு இது தோன்றியிருக்காது.

எழுத்துருவுக்கு ஃபாண்ட்ஃபோர்ஜ் என்ற இலவச மென்பொருள் போதும். யூனிகோடில் தனிப்பயன் பகுதி என்று 6,400 இடங்கள் இருக்கின்றன, அங்கே உங்கள் எழுத்துகளைக் குடிவைக்கலாம். ஆனால் அச்சுக்கு அனுப்பும்போது எழுத்துருவை நம்பாதீர்கள். பக்க வடிவமைப்பே தொழிலாக இருக்கும் நானே ஏமாந்தேன்: வேறொரு கணினியில் கோப்பைத் திறந்தபோது மலைக்காரர்களின் மழைப்பாட்டு முழுவதும் கட்டம் கட்டமாக நின்றது. இப்போது ஒவ்வொரு வரியையும் படமாக மாற்றித்தான் அனுப்புகிறேன்.