கல்லூரி வேலையா, ஊராட்சித் தலைவர் பதவியா?

கேள்வி: நீர் வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கி, அரசுக் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். மெக்சிகோ அதிபரான விஞ்ஞானி கிளாவ்தியா ஷேன்பாம் பற்றிப் படித்ததிலிருந்து எங்கள் ஊராட்சித் தலைவர் பதவிக்கு நிற்க ஆசை. வேலையில் இருந்தபடியே நிற்கலாமா? என் படிப்பு அங்கே உதவுமா?
- வாசகி, தருமபுரி மாவட்டம்

பதில்: வேலையில் இருந்துகொண்டு நிற்க முடியாது, சகோதரி. பரிசீலனையிலேயே மனு தள்ளுபடியாகிவிடும். ராஜினாமா கடிதம் கொடுத்தால் மட்டும் போதாது. அது ஏற்கப்பட்டு, விடுவிப்பு ஆணை கைக்கு வந்திருக்க வேண்டும். தேர்தல் அறிவித்த பிறகு கோப்பை நகர்த்த ஆரம்பித்தால் நேரம் போதாது. ஆனால் அவசரப்பட்டும் விட்டுவிடாதீர்கள். தலைவர் பதவிக்கான ஒதுக்கீடு சுழற்சியில் மாறும். உங்கள் ஊராட்சி உங்களுக்குப் பொருந்தாத பிரிவுக்குப் போய்விட்டால் வேலையும் இல்லை, தேர்தலும் இல்லை. மதிப்பூதியத்தை நம்பிக் குடும்பம் நடத்தவும் முடியாது.

உங்கள் பெயர் அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலிலேயே இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். வேலைக்காக நகரத்தில் குடியிருப்பவர்கள் பெயரை அங்கே மாற்றிவிட்டு மாட்டிக்கொள்வது அதிகம். இந்தப் பதவிக்குக் கட்சிச் சின்னம் கிடையாது.

ஷேன்பாமும் நேரே அதிபராகிவிடவில்லை. 2000இல் மெக்சிகோ நகரின் சுற்றுச்சூழல் செயலர், 2015இல் த்லால்பன் வட்டாரத் தலைவர், 2018இல் நகரத் தலைவர் என்று படிப்படியாக வந்தவர். 2017 செப்டம்பர் 19 நிலநடுக்கத்தில் த்லால்பனில் ஒரு பள்ளி இடிந்து, 19 குழந்தைகள் உட்பட 26 பேர் இறந்தார்கள். கட்டட விதிமீறல் அவர் வருவதற்கு முன்பே தொடங்கியது. கேள்வி வந்ததோ அப்போது பதவியில் இருந்தவரிடம். ஆகவே பொறுப்பேற்கும் அன்றே பதிவேடுகள், நிலுவை பில்கள், செயல்படுத்தாமல் கிடக்கும் உத்தரவுகள் எல்லாவற்றையும் பட்டியல் போட்டு, ஊராட்சி செயலரிடம் கையொப்பம் வாங்குங்கள். பணம் எடுக்கத் துணைத் தலைவர் கையொப்பமும் தேவை. அவரோடு பகை வந்தால் பில்கள் அப்படியே நின்றுவிடும். உங்கள் டிஜிட்டல் கையொப்பக் கருவியைக் கணவர், அண்ணன் யாரிடமும் கொடுக்காதீர்கள்.

உங்கள் படிப்புக்கு உண்மையான வேலை தண்ணீர்த் தொட்டியில் இருக்கிறது. 1,000 லிட்டருக்கு 4 கிராம் வீதம், 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம் பிளீச்சிங் பவுடர் வேண்டும். பல ஊர்களில் கைக்கு வந்தபடி அள்ளிப் போடுகிறார்கள். திறந்து கிடந்த மூட்டையில் வீரியமும் போயிருக்கும். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, அரை மணி நேரம் கழித்துத் திறக்கச் சொல்லுங்கள். கடைசித் தெருக் குழாயில் 0.2 பி.பி.எம். (லிட்டருக்கு 0.2 மில்லிகிராம்) குளோரின் இருக்க வேண்டும்.

உங்கள் மாவட்டத்தில் இன்னொன்று: நிலத்தடி நீரில் இருந்து பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடு குளோரினாலும் போகாது, கொதிக்கவைத்தாலும் போகாது. குழாயில் வரும் ஒகேனக்கல் காவிரித் தண்ணீரோடு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை ஒரே தொட்டியில் கலந்தால், நல்ல தண்ணீரும் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற ஃபுளோரைடு வரம்பைத் தாண்டிவிடலாம். இதை ஒரு வேதியியலாளர் உடனே பிடித்துவிடுவார். சோதனை முடிவை மார்ச் 22 கிராம சபையில் வையுங்கள். தெரு, தேதி, அளவு மூன்றையும் தீர்மானத்தில் எழுத வையுங்கள். ‘தண்ணீர் சரியில்லை’ என்று மட்டும் எழுதிய தீர்மானத்தை வைத்துக்கொண்டு பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) அலுவலகத்தில் எதையும் கேட்டு வாங்க முடியாது.