கான்ஃபரன்ஸ்ல பேப்பர் வாசிக்கப் போறீங்களா?

கேள்வி: சார், கணினி மொழியியல்ல பிஎச்.டி. பண்றேன். ஒரு இன்டர்நேஷனல் கான்ஃபரன்ஸுக்கு அப்ஸ்ட்ராக்ட் (கட்டுரைச் சுருக்கம்) அனுப்பினேன், மறுநாளே செலக்ட் ஆயிடுச்சு, பணம் கட்டுங்கன்னு மெயில். கட்டலாமா? மேடைன்னாலே கை வேற நடுங்குது.
- வாசகி, திருநெல்வேலி

பதில்: இப்போதைக்கு கட்டாதீங்கம்மா. ஒழுங்கான இடத்துல ரெண்டு மூணு பேர் படிச்சு கருத்து சொல்லவே சில வாரம் ஆகும், ஒரே நாள்ல ஓகேன்னா யாரும் படிக்கலன்னுதான் நான் எடுத்துப்பேன். கமிட்டி லிஸ்ட்ல இருக்கிற பேராசிரியர் ஒருத்தருக்கு நேரா மெயில் போட்டுக் கேளுங்க, சில இடத்துல அவங்களுக்கே தெரியாம பேரைப் போட்டுடறாங்க. உங்க சப்ஜெக்ட்டுக்கு உத்தமம்ங்கிற உலகத் தமிழ் தகவல் தொழில்நுட்ப மன்றம் நடத்துற தமிழ் இணைய மாநாடு இருக்கு, அதோட பழைய கட்டுரைத் தொகுப்புகளைப் படிச்சாலே என்ன தரம் எதிர்பார்க்கிறாங்கன்னு புரிஞ்சிடும்.

அவசரப்படவும் வேண்டாம். யுஜிசி 2016 விதியில தீசிஸ் குடுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு கான்ஃபரன்ஸ்ல வாசிச்சிருக்கணும்னு இருந்துச்சு, 2022 விதியில அந்தக் கட்டாயம் இல்ல, ஆனா உங்க யுனிவர்சிட்டி தனியா கேக்கலாம், கைடுகிட்ட உறுதி பண்ணிக்கோங்க.

அப்ஸ்ட்ராக்ட்ல முன்னுரையே பாதி இடத்தை சாப்பிடக்கூடாது, எந்த டேட்டா, என்ன செஞ்சீங்க, என்ன கிடைச்சுது, இதுதான் வேணும். பேச பெரும்பாலும் 15, 20 நிமிஷம்தான், அதனால ஸ்லைடைப் பார்த்துப் படிக்காம முதல் ரெண்டு நிமிஷத்தை மட்டும் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லிப் பழகுங்க, தொடக்கம் சரியா வந்துட்டா நடுக்கம் தானா குறையும். கேள்விக்குப் பதில் தெரியலன்னா “இதை நான் இன்னும் பார்க்கல, குறிச்சுக்கறேன்”னு தைரியமா சொல்லுங்க, யாரும் குறைவா நினைக்க மாட்டாங்க.